திடலில் கிடக்கும் கணக்கு



"எங்க புள்ளைக்குக் கணக்கு வரலீங்க சார், எந்நேரமும் திடல்லயே கெடக்கிறான்" என்று உங்களில் சிலர் வருத்தப்படுகிறீர்கள். அவன் திடலில் என்னதான் செய்கிறான் என்று பார்ப்போமே.

நம் தெப்ராவ் பிள்ளைகள் ஆடும் காலா பாஞ்சாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக் கிளித்தட்டும் ஏறக்குறைய இதுதான். காவல்காரன் தன் கோட்டை விட்டு இறங்கக்கூடாது. கடப்பவனைத் தொட்டால் போதும். கோடு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் மட்டும் வந்தால், காவல்காரன் அவனுக்கு நேரே நின்று, அவன் நகர நகரத் தானும் நகர்ந்து தடுத்துவிடுவான். இரண்டு பேர் இரு முனையிலும் நின்றால்? நடுவிலிருந்து முனைக்கு 10 அடி. கை எட்டுவது 3 அடி போக, 7 அடி ஓட வேண்டும். கடப்பவனோ கோட்டுக்கு 4 அடி தள்ளி நிற்கிறான். இருவர் வேகமும் ஒன்றானால் யார் முந்துவார்? இந்தக் கணக்கை நம் பையன் காலாலேயே போட்டுவிடுகிறான்!

அப்படியானால் ஆளைப் பிடிப்பது எப்படி? அதற்குத்தான் நடுக்கோட்டில் நெடுக ஓடும் 'கிளி'. குறுக்குக்கோட்டுக்காரன் ஒரு பக்கம், கிளி ஒரு பக்கம். இருவரும் துரத்துவதில்லை; இடத்தைச் சுருக்குகிறார்கள்.

பெரிய கணித மேதைகளும் இதில் தலையை உடைத்துக்கொண்டவர்கள்தாம். வட்டமான கூண்டுக்குள் ஒரு மனிதன், ஒரு சிங்கம். இருவருக்கும் ஒரே வேகம். சிங்கம் பிடித்துவிடும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். பெசிகோவிச் என்ற கணித அறிஞர் அதை மறுத்தார். 1953இல் லிட்டில்வுட் எழுதிய நூலில் அந்த விடை வந்தது. தன்னையும் சிங்கத்தையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக மனிதன் ஓட வேண்டும்; சிறிது ஓடியதும் மறுபடி சிங்கத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதைவிடச் சிறியது. சிங்கம் நெருங்கும், நெருங்கும், தொடவே தொடாது! ஆனால் இரண்டு சிங்கங்கள் கூட்டுச் சேர்ந்தால் ஆள் தப்ப முடியாது. கிளியும் குறுக்குக்கோட்டுக்காரனும் சேர்ந்தது மாதிரிதான்.

நம் பாட்டிமார் தரையில் கீறிய ஆடு புலி ஆட்டத்திலும் 15 ஆடுகள் 3 புலிகளை அடைத்துத்தானே ஜெயிக்கின்றன?

பெற்றோர்களே, செங்குத்துக்கோடு, தூரம், வேகம் ஆகிய பாடங்களைத் திடலிலேயே நடத்த விரும்புகிறேன். பையனை வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன் ஒரு அரைமணி நேரம் பொறுங்கள். கோடு போட இரண்டு மூட்டை சுண்ணாம்பு வேண்டும். அதை யார் வாங்கித் தருகிறீர்கள்?