முத்திரையிட்ட தராசு விவசாயியின் உரிமை

விளைபொருளுக்கு நியாய விலை கேட்டு விவசாயிகள் போராடும்போது, ஒரு கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டு விடுகிறது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அரசு அறிவிக்கிறது. அந்தக் கிலோவை அளக்கும் தராசு யார் கையில் இருக்கிறது?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தோத்தாபுரி மா விவசாயிகள் 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கடும் விலை வீழ்ச்சியைச் சந்தித்தனர். கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும் என ஆந்திர அரசு அறிவித்தது. அதில் 8 ரூபாயைக் கூழ் ஆலைகளும், 4 ரூபாயை அரசும் தர வேண்டும். ஆலைகள் பல அந்த 8 ரூபாயையும் தரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டனர். ஆனால் விலையை முழுமையாகக் கொடுத்தாலும் எடையில் பறிக்க முடியும். 10 டன் ஏற்றிச் செல்லும் வண்டியில் எடைமேடை நூற்றுக்கு ஒன்று குறைத்துக் காட்டினால் 100 கிலோ மறைந்துவிடும். விவசாயிக்கு இழப்பு 1,200 ரூபாய். எடைச்சீட்டில் ஏறாத காய்க்கு ஆலையின் விலையும் இல்லை, அரசின் உதவியும் இல்லை. இதற்கு மேல் ‘தருகு’ என்ற பெயரில் கழிவு வேறு!

பாலில் இந்தச் சுரண்டல் கண்ணுக்கே தெரியாது. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்ட பிறகு, பால் உற்பத்தியாளர்கள் பெருமளவு தனியார் நிறுவனங்களை நம்பியிருக்க நேர்ந்தது. பாலின் விலை எடையால் மட்டுமின்றி, கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருள் ஆகியவற்றின் அளவாலும் முடிவாகிறது. கிலோ கொழுப்புக்கு 700 ரூபாய் என்று கொள்வோமானால், 10 கிலோ பாலில் கருவி 0.2 சதவீதம் குறைத்துக் காட்டினால் 20 கிராம் கொழுப்பு, அதாவது 14 ரூபாய் போய்விடும். மாதத்திற்கு அது 420 ரூபாய். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு இது சிறு தொகை அன்று.

இது புதிய பிரச்சினையும் அன்று. சித்தூரும் தஞ்சையும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்த 1940களில், கீழத்தஞ்சையில் பண்ணையார்கள் குறைந்த அளவுள்ள மரக்காலில் கூலி நெல்லை அளந்தனர். பி. சீனிவாசராவ் முதலிய தோழர்கள் கட்டிய விவசாயிகள் இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று, அரசு முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது. சாட்டையடிக்கு எதிரான போரும் மரக்காலுக்கான போரும் ஒன்றாகவே நடந்தன.

இன்று சட்டம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி மின்னணுத் தராசை 12 மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். சரிபார்ப்புச் சான்றிதழைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். பொருளை வாங்குபவர், பேசிய அளவுக்கு மேல் கூடுதலாகப் பெறுவதும் குற்றமே.

ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் வைக்கும் முத்திரை, மற்ற 364 நாட்களுக்குக் காவல் ஆகாது. தராசு வாங்குபவருடையது, பாதிக்கப்படுபவரோ விற்பவர். மறுநாளும் அதே ஆலையின் வாசலில் நிற்க வேண்டியவர் தனியாக எப்படிப் புகார் எழுதுவார்?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு கொள்முதல் இடத்திலும் சோதனை எடைக்கற்கள் இருக்க வேண்டும். சந்தை வளாகங்களில் பொது எடைமேடை அமைக்க வேண்டும். பால் பரிசோதனைக் கருவிகளை, ஆய்வகத்தின் கெர்பர் முறையோடு ஒப்பிட்டு அரசு அடிக்கடி சோதிக்க வேண்டும். அறுவடைப் பருவத்தில் முன்னறிவிப்பின்றி நடக்கும் ஆய்வுகளில் விவசாயிகள் சங்கப் பிரதிநிதிகளும் உடனிருக்க வேண்டும்.

தோழர்களே! தராசுத் தட்டு தானாக நேராவதில்லை. தஞ்சையில் மரக்காலை நேராக்கியது சங்கம். சித்தூரிலும் திருப்பதியிலும் எடைமேடையை நேராக்கப் போவதும் சங்கமே!