பல்லி மேல் பழி

வலையை ஓரம் வைத்துவிட்டு வந்திருக்கும் வீராம்பட்டினத்து அண்ணன்மார்களே!

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கு ஒரு வாயில்லா ஜீவனுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், பல்லிக்குத்தான்!

எந்தக் கல்யாணத்தில் பத்துப் பேர் வாந்தி எடுத்தாலும் முதல் குற்றவாளி யார்? சாம்பாரில் விழுந்த பல்லி! தோளில் விழுந்தால் பலன் பார்க்கிறோம், சாம்பாரில் விழுந்தால் பழி போடுகிறோம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு நஞ்சு கிடையாது. அதன் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதற்காகத்தான் பாத்திரத்தை மூடச் சொல்கிறோம். கொதிக்கிற சாம்பாரில் அந்தக் கிருமி பிழைக்காது. பிழைத்தாலும், அது வேலையைக் காட்டப் பொதுவாக ஆறு மணி நேரமாவது ஆகும். பந்தியை விட்டு எழுந்த மூன்று மணி நேரத்தில் மண்டபமே வாந்தி எடுத்தால், பல்லி நிரபராதி!

எங்கள் பிழைப்பே இந்த மணிக்கணக்கில்தான். என்ன சாப்பிட்டாய் என்பதற்கு முன்னால், எப்போது சாப்பிட்டாய், எப்போது வயிறு புரட்டியது என்று கேட்போம். ஓரிரு மணி நேரத்தில் வாந்தி என்றால், சோற்றிலோ பால் பண்டத்திலோ முன்பே ஊறிக் கிடந்த நஞ்சு. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் சீதபேதியும் என்றால் ஷிகெல்லா கிருமியைத் தேடுவோம். டைபாய்டோ வாரக்கணக்கில் பதுங்கும்.

ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். நான் போவதற்குள் அண்டாவையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டார்கள். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு! சமையல்காரர், “பல்லிதான் சார்” என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைக் கேட்டேன். எல்லோரும் எல்லாம் சாப்பிட்டிருந்தார்கள். திண்ணையில் ஓர் ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கு ஒண்ணும் ஆவலையே தம்பி, என்னை ஏன் கேக்குற?”

“அதுக்குத்தான் ஆயா கேக்குறேன்.”

அவருக்குச் சர்க்கரை. சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் சாப்பிட்டார். பாசந்தியை மட்டும் தொடவில்லை. மதியமே செய்து, இரவு வரவேற்புவரை வெக்கையில் கிடந்த பாசந்தி. சமையல்காரரின் விரலைப் பார்த்தேன், துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தால் சீழ். அந்தச் சீழில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி கக்குகிற நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் அழியாது.

நோய் வராதவரையும் கேட்டது என் சாமர்த்தியம் இல்லை. 1940 ஏப்ரலில் அமெரிக்காவில் ஆஸ்வீகோ மாவட்டத்து மாதா கோயில் விருந்தில் நடந்த விசாரணையை இன்றும் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு நோய். வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் படுத்தார்கள். சாப்பிடாத 21 பேரில் மூன்றே பேர்! முதல் நாள் காய்ச்சிய கலவையை இரவு முழுக்கக் குளிர வைக்காமல் விட்டிருந்தார்கள். படுத்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது பிடிபட்டிருக்குமா?

நம்ம ஊர் மீனுக்கு வருகிறேன். அரிக்கமேட்டில் ரோமானியர்களின் சாடிகள் கிடைத்தன. மது, எண்ணெயோடு உப்பில் ஊறிய மீன் சாறும் அப்படிச் சாடியில் கடல் தாண்டி வந்தது. நாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மார்க்கெட் வருவதற்குள் மீனைக் கெடுத்துவிடுகிறோம்! சூரையும் கானாங்கெளுத்தியும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாக்கும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். “எனக்கு மீன் ஒத்துக்காது” என்று சொல்லிவிடுகிறோம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஆகவே அண்ணன்மார்களே, ஐஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விரல் கெட்டால் ஒரு மண்டபம். தண்ணீர் கெட்டால் ஒரு ஊர். 2022 ஜூலையில் நம்முடைய காரைக்காலில் காலரா வந்து, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளி கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். அங்கேயும் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அப்படி வருகிறவர்களிடம் “எங்க வீட்ல யாருக்கும் பேதி இல்லை” என்று மானத்துக்காகக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. பேதியில் என்னய்யா மானம்?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. உணவு மாதிரி கிடைத்தால் பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். மாதிரி கிடைத்தால்! சமையல் ஆட்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். பேரம் பேசும்போது விலையைக் கேட்கிறோமே, அந்தச் சான்றிதழை யாராவது கேட்டோமா?

ஆடி ஐந்தாம் வெள்ளிக்குச் செங்கழுநீரம்மன் தேர். கூழ் ஊற்றுகிறவர்கள், அன்னதானம் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒவ்வொரு அண்டாவிலிருந்தும், பரிமாறும் முன்னால், சுத்தமான டம்ளரில் கொஞ்சம் எடுங்கள். மூடி போட்டுத் தேதி எழுதி, மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அப்புறம் அண்டாவை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளுங்கள்.