கரிசல் ஐந்து முறை அனுப்பிய மனிதர்



பாரதி பிறந்த இந்த எட்டயபுரத்தில் நின்று கோவில்பட்டி சோ. அழகர்சாமியைப் பற்றிப் பேசக் கிடைத்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

1967, 1971, 1977, 1980, 1989. ஐந்து தேர்தல்களில் கோவில்பட்டி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது அவர் சபையில் இருந்தார். கலைஞர் காலத்தில் இருந்தார், எம்.ஜி.ஆர். காலத்திலும் இருந்தார். 1967இல் அவருடைய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தமிழகம் முழுவதும் கிடைத்தவை 2 இடங்கள்தான். அதில் ஒன்று நம் கோவில்பட்டி! 1984இல் தொகுதி கைமாறியது. 1989இல் அதே மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் ஒருநாளும் மந்திரியானதில்லை. அவரைப் போலவே இங்கிலாந்தில் டென்னிஸ் ஸ்கின்னர் என்றொருவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். போல்சோவர் தொகுதி அவரை 1970 முதல் 2019 வரை நாடாளுமன்றத்தில் வைத்திருந்தது. அவரும் மந்திரியானதில்லை. அதிகாரம் இல்லாத ஒருவரை மக்கள் ஏன் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்? தங்கள் பாடு தெரிந்த ஒருவர் அங்கே எழுந்து பேச வேண்டும் என்பதற்காகத்தான்!

நம் பாடு என்ன? புரட்டாசியில் உளுந்தும் பாசியும் விதைக்கிறோம். ஐப்பசி மழை ஏமாற்றினால் பயிர் கருகும். மார்கழியில் அறுக்கும் நேரம் பார்த்து மழை பிடித்தால், நெற்று செடியிலேயே முளைவிடும். அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைகிற சம்சாரிக்கு, தன் பிர்க்காவின் பெயர் சட்டமன்றத்தில் ஒலிப்பது பெரிய விஷயம். தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூலியும், கோடையில் குடத்தோடு நிற்கிறவளின் தண்ணீரும் அங்கே பேசப்படுவதும் அப்படித்தான்.

அழகர்சாமி எத்தனை வருஷம் சபையில் இருந்தார் என்று எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். சட்டமன்றப் பேச்சுகள் அச்சில் பதிவானவை. இளைஞர்களே, அவற்றைத் தேடிப் படியுங்கள். கரிசலுக்காக எவர் எப்போது என்ன கேட்டார் என்று குறித்து வையுங்கள். நாளை ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், மானாவாரி விவசாயிக்காகச் சபையில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஓட்டுப் போடுங்கள். கேள்வி கேட்கிற தொகுதிக்குத்தான் நல்ல உறுப்பினர் வாய்ப்பார்.