மானுக்கு இடும் சோறு



சென்னையின் கிண்டிக் காட்டையொட்டித் திரியும் மான்களுக்கு நகரவாசிகள் தீனி போடுவதை மாநகராட்சி சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று நான் சொன்னால், ‘வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி சோறு போடுவதும் குற்றமா?’ என்று மனம் நோகிறவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். காக்கைக்கு வைத்துவிட்டு உண்ணும் குடும்பங்களில் பிறந்த அவர்களுடைய ஜீவகாருண்யத்தை நான் சந்தேகிக்கவில்லை. அதன் பெயராலேயே இந்தத் தடையைக் கேட்கிறேன்.

மான் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையின் முதல் அறையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தாம் புல்லையும் தழையையும் மெல்ல நொதிக்கவைத்து அதற்கு ஆகாரமாக்குகின்றன. அங்கே நாம் திடீரென்று சோற்றையும் ரொட்டியையும் கொட்டினால், மாச்சத்து அளவுமீறிப் புளித்து, அமிலம் பெருகி, நுண்ணுயிர்கள் மடிந்து, வயிறு உப்பிய அந்தப் பிராணி தள்ளாடி விழுந்து மாண்டுபோகவும் கூடும்.

சோறு மட்டுமா உள்ளே போகிறது? மீந்த சாம்பார் சாதத்தைப் பிளாஸ்டிக் பையோடு வேலிக்கு அப்பால் வீசிவிட்டுப் புண்ணியம் செய்த திருப்தியோடு ஒருவர் போகிறார். உப்பும் எண்ணெயும் ஊறிய அந்தப் பையை மான் முகர்ந்து, நக்கி, ஓரத்தைக் கடித்திழுத்து, முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அது ஜீரணமாவதுமில்லை, வெளியேறுவதுமில்லை. பைமேல் பை சேர்ந்து முறுக்கேறி அடைத்துக்கொள்ள, வயிறு நிறைந்திருக்கும்போதே மான் பட்டினியால் சாகிறது. மானைத் தெய்வத்தின் தூதராகப் போற்றும் ஜப்பானின் நாரா நகரில், மானுக்கென்றே தவிட்டில் சுட்ட பண்டத்தை விற்கிறார்கள். அங்கேகூட 2019-இல் இறந்த மான்களில் ஒன்றின் வயிற்றிலிருந்து 4.3 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள்.

1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டின் பரப்பு ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் ஓயாத வாகனப் போக்குவரத்து. மனிதன் கையைப் பார்த்துப் பழகிய புள்ளிமான் அச்சம் விட்டு வேலியோரத்துக்கும் வீதிக்கும் வருகிறது. சிந்திய சோற்றைத் தேடித் தெருநாய்களும் அங்கேயே வருகின்றன. பிறகு நடப்பதை நான் வர்ணிக்க விரும்பவில்லை.

‘கோடையில் தவிக்கிறதே, பார்த்துக்கொண்டிருப்பதா?’ என்பார்கள். நியாயமான கேள்வி, தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவது வனத்துறையின் கடமை, அதில் குறை நேர்ந்தால் நாம் அனைவரும் சேர்ந்து அதிகாரிகளின் வாசலில் நிற்போம். ‘புத்திமதி போதாதா, சட்டம் எதற்கு?’ என்பார்கள். தான் போடுவது ஒரே ஒரு பிடிதான் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார். நூறு பேர் போட்ட நூறு பிடியையும் வாங்கிக்கொள்வது ஒரே வயிறு. இதைப் புத்திமதியால் தடுக்க முடியாது.

ஆகையால் முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை அபராதம், காட்டையொட்டிய தெருக்களில் மான் வாய் வைக்க முடியாதபடி மூடிய குப்பைத் தொட்டிகள் – இம்மூன்றையும் மாநகராட்சியிடம் கோருகிற தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஆதரிப்பவர்கள் கைதூக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.