இராமநாதன் மகளிர் கல்லூரியும் தோட்டத்துப் பெண்மக்களும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கோயில் எழுந்த இடத்தில் கல்விச்சாலையும் எழ வேண்டும் என்பது தமிழர்தம் நெடுநாளைய எண்ணம். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தோட்டங்கள் பலவற்றில் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அண்டை அயலாய் நின்றன. கோயில் மணியோசையும் பள்ளி மணியோசையும் ஒரே காற்றில் கலந்தன. ஆயினும் அந்தப் பள்ளியின் படியைப் பெண்குழந்தை எத்தனை ஆண்டுகள் மிதித்தாள் என்று கேட்டால், வயது முதிர்ந்த பாட்டிமார்கள் பலர் விரல்களை முழுதும் மடக்க வேண்டியிருக்காது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய ஐக்கிய மலாய் மாநிலங்களில் 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேராவது வாழும் தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. பெரும்பாலும் அது ஓரறைக் கொட்டகை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த தோட்டங்களும் உண்டு. விடியுமுன் தாயும் தந்தையும் பால்மரம் வெட்டப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அடுப்பு மூட்டவும் மூத்த பெண்ணே வீட்டில் நின்றாள். பள்ளி அருகில் இருந்தும் அவளுக்கு அது தொலைவாயிற்று.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழர்கள் இந்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தனர். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தோட்டத்துக் கணக்கறைகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றிய அவர்கள் சிரம்பானிலும் குடியேறினர். அவர்தம் தாய்மண்ணில், பெண்கல்விக்கென ஒருவர் எழுப்பிய தனியார் பள்ளியொன்றின் வரலாறு இத்திருநாளில் நினைக்கத்தக்கது. அதுவே மருதனார்மடத்து இராமநாதன் மகளிர் கல்லூரி.

யாழ்ப்பாணத்தில் பெண்கல்விக்கு வழிதிறந்தோர் அமெரிக்க மிஷனரிமார் என்பதை நன்றியோடு கூறுதல் வேண்டும். உடுவிலில் அவர்கள் 1824ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விடுதிப்பள்ளி அமைத்தனர். ஆனால் அங்குப் படிக்கும் பெண் மதம் மாறிவிடுவாளோ என்ற அச்சம் சைவக் குடும்பங்களில் நிலவியது. ஆண்பிள்ளைகளின் பொருட்டு ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். பெண்பிள்ளைகளுக்கோ, ஆங்கிலக் கல்வியையும் தம் சமய வாழ்வையும் ஒருங்கே அளிக்கும் பெரியதொரு விடுதிப்பள்ளி வாய்க்க மேலும் பல்லாண்டுகள் கழிந்தன.

அக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் சர் பொன்னம்பலம் இராமநாதன். 1851இல் பிறந்த இவர் இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாகப் பதவி வகித்தவர். 1911இல் கற்றறிந்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிருபண சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தந்தையார் கொழும்பில் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1907இல் தொடங்கிக் கருங்கல் திருப்பணியாகப் புதுக்கிக் கட்டுவித்தவரும் இவரே. ஒரு கையால் கோயிலைக் கட்டிய அப்பெருமகன் மறு கையால் பெண்களுக்குப் பள்ளி எழுப்பினார். 1913இல் இராமநாதன் கல்லூரி திறக்கப்பட்டது.

அதன் முதல் தலைவியாக வந்தவரின் வரலாறு வியப்புக்குரியது. இலண்டன் நாடக மேடையில் புகழ்பெற்று, பெர்னாட் ஷா, யேட்ஸ் முதலிய பேரறிஞர்களின் நட்பைப் பெற்றிருந்த புளோரன்ஸ் ஃபார் என்னும் ஆங்கில அம்மையாரே அவர். இராமநாதனை முன்னரே அறிந்திருந்த அவர், 1912இல், தம் 52ஆம் வயதில், இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறினார். புகழையும் நண்பர்களையும் துறந்து, பனைமரங்கள் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் தமிழ்ச் சிறுமியரிடையே வாழ்ந்தார். தாமும் தமிழ் கற்றார். நோயுற்று 1917 ஏப்ரலில் கொழும்பில் உயிர்நீத்தார். வேற்று நாட்டில் பிறந்த ஒருத்தி தமிழ்ப் பெண்களின் கல்விக்குத் தம் இறுதி ஆண்டுகளை ஈந்தது எளிதில் மறக்கத்தக்கதன்று.

கல்லூரியின் வாழ்வில் மற்றொரு பெண்மணியும் நிலைபெற்றுள்ளார். இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். சைவ நெறியைத் தம் நெறியாக ஏற்று, கணவர் 1930இல் மறைந்த பின்னரும் கல்லூரியைத் தம் இல்லமாகவே பேணினார். இராமநாதனின் சமாதியும் அவ்வளாகத்திலேயே அமைந்தது. ஆண்களுக்கென அவர் திருநெல்வேலியில் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் இடமே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக மலர்ந்தது. மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இசைக்கல்வி நிலையம் பின்னர் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இராமநாதன் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றில் மறைக்கத்தகாத மற்றொரு பக்கமும் உண்டு. டொனமூர் ஆணைக்குழு இலங்கையில் விசாரணை நடத்திய நாள்களில், பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை இராமநாதன் எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், ஆனால் அக்கல்வி இல்லறத்தைச் சிறப்பிக்கவே வேண்டும் என்பது அவர் கருத்து. எனினும் அவர் மறைந்த மறு ஆண்டே, 1931இல், 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிட்டியது. விதைத்தவர் எண்ணிய உயரத்தோடு மரம் நின்றுவிடுவதில்லை. எழுத்தறிந்த பெண் எதுவரை செல்வாள் என்பதற்கு அவளுக்குப் பள்ளி கட்டியவரும் எல்லை வகுக்க இயலாது.

பெருமக்களே! அக்கல்லூரி நிலைத்ததன் காரணங்களை எண்ணிப் பார்த்தல் நலம். முதலாவது, அது ஒருநாள் கொடையால் எழுந்ததன்று. நிறுவியவர் தம் செல்வத்தையும் பிற்கால வாழ்வையும் அதற்கே ஒப்படைத்தார். இரண்டாவது, அதில் விடுதி இருந்தது. தொலைவும் வீட்டுவேலையும் பெண்ணின் படிப்பைத் தடுக்கும் என்பதறிந்து, அத்தடைகளை நீக்கும் ஏற்பாடு முதலிலேயே செய்யப்பட்டது. மூன்றாவது, தன் மொழியையும் வழிபாட்டையும் விட்டுவிடாமலே உலகக் கல்வியைப் பெறலாம் என்ற துணிவைப் பெற்றோர்க்கு அது அளித்தது.

தோட்டத்துப் பெண்ணுக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை. ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் பட்டணம் செல்ல வேண்டிய நிலையில், பேருந்துக் கட்டணமும் இருட்டுச் சாலையும் எத்தனையோ பெண்களின் படிப்பை முடித்துவைத்தன. அறிவு குறைந்து நின்றவர்கள் அல்லர் அவர்கள். வழி குறைந்து நின்றவர்கள். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. 2003 முதல் தொடக்கக் கல்வி நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெண்மக்கள் பல்கலைக்கழகம் வரை செல்லும் காட்சி மகிழ்ச்சி தருகிறது. எனினும் தொடக்கப்பள்ளிக்கு அப்பால் தடுமாறும் பெண் இன்றும் ஏழைக் குடும்பங்களில் இருக்கிறாள்.

அவளுக்கு ஆலயம் என்ன செய்யலாம்? இராமநாதனைப் போல் கல்லூரி கட்டும் வளம் எல்லார்க்கும் இல்லை. ஆயினும் ஆலய மண்டபத்தில் மாலை வேளைகளில் விளக்கும் மேசையும் ஓர் ஆசிரியரும் இருந்தால், வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு அது படிப்பறையாகும். பரிசளிப்பு விழாவில் ஒருமுறை தரும் கேடயத்தைவிட, ஐந்தாண்டுகள் தவறாமல் தரும் பேருந்துக் கட்டணம் ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றும். திருவிழா வருவாயில் ஆண்டுதோறும் சிறு பங்கு ஒன்றை இதற்கெனத் தனியே ஒதுக்கி, கணக்கை உறுப்பினர் முன் வைத்தால், அது நிலைத்த அறமாகும்.

கருவறையில் அம்பிகை பெண்ணுருவில் வீற்றிருக்கிறாள். அவள் சந்நிதிக்குக் கோலமிட்டு, பூத்தொடுத்து, விளக்கேற்றும் சிறுமியின் கையில் புத்தகமும் நிலைத்திருக்கச் செய்வது அந்த வழிபாட்டின் நிறைவேயாகும். அத்திருப்பணிக்கு எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் துணைநிற்பதாக.