சின்ன வெங்காயமும் குடலின் காவலும்



பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரத்தில் வெங்காயப் பட்டறைகள் நிற்கும். அடியில் காற்றுப் புக இடம் விட்டு, மேலே கூரை வேய்ந்து, நல்ல விலை வரும்வரை சின்ன வெங்காயத்தை அதில் காத்து வைப்பார்கள். காலையில் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளும் அந்த வெங்காயம், வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது?

நம் பெருங்குடலின் உட்சுவரில் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று பூசினாற்போல் இருக்கிறது. அதற்கு இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உள் அடுக்கு அவற்றைச் சுவரை நெருங்கவிடாது. எலியின் குடலில் இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள்; ஆண்டு 2008.

அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி கிடைக்காவிட்டால்? 2016இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் லக்சம்பர்க் ஆய்வாளர்களும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிர்களை எலிகளுக்குள் குடியேற்றி, உணவில் நார்ச்சத்தை நிறுத்தினார்கள். பசித்த நுண்ணுயிர்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி சுலபமாகச் சுவரை எட்டியது. இதைப் படித்த நாளிலிருந்து, நார் இல்லாத சாப்பாட்டைப் பார்த்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

வெங்காயத்தில் ஃப்ரக்டான் என்றொரு நார்ச்சத்து உண்டு. நமக்குச் செரிக்காத அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட், குடல்சுவரின் செல்களுக்கே ஆகாரம். சளி சுரக்கவும் துணை செய்கிறது. குவர்செட்டின் என்ற துவர்ப்பொருளும் வெங்காயத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குடல் செல்களில் அது சளிச் சுரப்பைத் தூண்டியிருக்கிறது. மனிதருக்கும் அதே அளவு பலன் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

குவர்செட்டின் மிகுதியாக இருப்பது வெளிப்புறச் செதில்களில். அவசரத்தில் நாம் காய்ந்த தோலோடு இரண்டு நல்ல செதிலையும் சேர்த்து உரித்துப் போடுகிறோம். அரியலூர் மானாவாரிக் காட்டில் விளையும் வரகுக்கும் இதே கதைதான். வெள்ளையாகத் தெரியத் தீட்டத் தீட்ட, நாரும் துவர்ப்பும் தவிட்டோடு போய்விடுகின்றன.

வெங்காயம் தின்றால் வயிறு உப்பி வலிக்கிறது என்பவர்களும் உண்டு. அதற்கும் காரணம் பெரும்பாலும் இதே ஃப்ரக்டான்தான். அப்படிப்பட்டவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு சாப்பிட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு அளவை வைத்துக்கொள்ளுங்கள்.