முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தென்காசிக்காரனுக்கும் படகுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று காலையில்கூட ஒரு நண்பன் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, புனலூர் வழியாகப் போனால் கொல்லம். 1904-லேயே ரயில் ஓடிய பாதை. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை. 1953-இல் இந்திய – நார்வே திட்டம் அங்கேதான் தொடங்கியது. மீன்பிடிப் படகில் எஞ்சின் வைக்கிற பழக்கம் நம் நாட்டில் பரவ அது ஒரு பெரிய காரணம். படிப்பு முடிந்ததும் பிழைப்புத் தேடி நான் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே பருவமழைக் காலத்தில்தான் கேரளத்தில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாள். நீங்கள் ஐந்தருவியில் குளிக்கிற நாட்களில் நாங்கள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தடை முடிகிற ராத்திரி எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கடலுக்குப் போகணும். அவசரம் பிறப்பது அங்கேதான்.

நான் தனியாகப் பொறுப்பேற்று வேலை பார்த்த முதல் எஞ்சின், ஆறு சிலிண்டர் டீசல். லைனர், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. மாட்டி முடித்து இரண்டு வாரம் சும்மா நின்றது. கடைசி நாள் சாயங்காலம் ஐஸ் ஏற்றி, வலை ஏற்றி, ஆட்களும் தயார். நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆயில் பிரஷர் முள் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. 'மீட்டர் கோளாறாயிருக்கும்' என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அடியில் 'டக் டக்' என்று அடி கேட்டது. பேரிங் போச்சு. கிராங்க் ஷாஃப்ட்டிலும் கீறல்.

சீசனின் நல்ல நாட்களெல்லாம் அந்தப் படகு கரையிலேயே கிடந்தது. முதலாளி கடன் வாங்கி வேலை செய்தவர். என்னைத் திட்டவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவசரம் எனக்கு இருந்துச்சு தம்பி. உனக்கு ஏன் வந்துச்சு?"

இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் மாற்றாத ஒரு வரிசை இருக்கிறது. மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் எண்ணெய். குற்றாலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். ஒரு காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன ஊர் இது! நின்றுபோன எஞ்சினில் பேரிங்கில் தடவிய எண்ணெய் வடிந்துவிடும். அதனால் டீசலை அடைத்து வைத்து, விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, பிரஷர் முள் எழும்புகிறதா என்று பார்க்கணும். எழும்பாவிட்டால் அன்றைக்கு ஸ்டார்ட் கிடையாது.

அதற்கும் முன்னால் கையால் இரண்டு முழுச் சுற்று. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றில்தான் ஒரு வேலை முடியும். நடுவில் எங்காவது இடித்தால் பலம் காட்டக் கூடாது. வால்வு பிஸ்டனில் முட்டுதோ என்னவோ, திறந்து பார்க்கணும்.

மூன்றாவது, டீசல் லைனில் ஏர் எடுப்பது. கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை ஸ்குரூவைத் திறந்தே வைக்கணும். நாலாவது, தண்ணீர். கடல்நீர்ப் பம்புக்குள் இருக்கிற ரப்பர் சக்கரம் தண்ணீர் இல்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். எஞ்சினை ஓட விடுமுன் வால்வு திறந்திருக்கா, கியர் நியூட்ரலில் இருக்கா என்று கண்ணால் பார்க்கணும்.

கடைசியாக, நிறுத்துகிற வழி. ஸ்டாப் லீவர் வேலை செய்கிறதா? அதுவும் ஏமாற்றி எஞ்சின் தறிகெட்டு ஓடினால், காற்று இழுக்கிற வாயை மூட ஒரு பலகை பக்கத்தில் இருக்கணும். கையை வைக்கவே கூடாது. நிறுத்தத் தெரியாதவன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

ஓட ஆரம்பித்ததும் முதல் சில விநாடி கண் பிரஷர் முள்ளில்தான். முள் எழவில்லையென்றால் உடனே நிறுத்து. காரணத்தை அப்புறம் யோசிக்கலாம்.

ருடால்ஃப் டீசலுக்கே 1893-இல் முதல் சோதனையில் அழுத்தம் அளக்கிற கருவி வெடித்துச் சிதறியது. நன்றாக ஓடும் எஞ்சினை அவர் காட்டியது 1897-இல். அந்த மேதைக்கே நாலு வருஷம் தேவைப்பட்டது. எனக்கு வேண்டியிருந்தது அரை மணி நேரம்தான். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

அந்த முதலாளி அடுத்த வருஷமும் என்னையே கூப்பிட்டார். "ஒரு தடவை கெடுத்தவன் இனி கெடுக்க மாட்டான்" என்றார். அந்த ராத்திரி ஒருவரும் கை தட்டவில்லை. நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாக எழுந்தது.